பணமின்றிக் கைமாறிய விமானம்: சி சீரிஸ் ஏ220 ஆன வரலாறு

100 முதல் 150 பேர் வரை ஏற்றிச் செல்லும் ஜெட் விமானங்களின் வரலாற்றில், நல்ல விமானத்தைச் செய்து முடித்த பிறகு நொடித்துப்போன நிறுவனங்களே மிகுதி. நெதர்லாந்தின் ஃபோக்கர் நிறுவனத்தை 1993இல் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்த ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் குழுமம், நட்டம் தாளாமல் 1996 ஜனவரியில் கையை விரித்தது. அடுத்த மார்ச்சிலேயே ஃபோக்கர் திவாலாயிற்று. பிரிட்டனில் ஆவ்ரோ ஆர்ஜே வரிசையைப் புதுப்பிக்க நடந்த முயற்சி 2001இன் இறுதியில் கைவிடப்பட்டது. இவற்றைவிடச் சற்றுச் சிறிய 728 என்ற விமானத்தை வடிவமைத்த ஃபேர்சைல்ட் டோர்னியர், அதை 2002 மார்ச்சில் உலகுக்குக் காட்டிவிட்டு, ஒருமுறை கூடப் பறக்கவிடாமல் ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவின் மெக்டோனல் டக்ளஸ் உருவாக்கிய எம்டி 95, அந்த நிறுவனம் 1997இல் போயிங்கோடு இணைந்த பின் போயிங் 717 என்று பெயர் மாற்றப்பட்டு, 156 விமானங்களோடு 2006இல் நின்றுபோனது.

இந்த அளவு விமானத்துக்குத் தேவை இல்லாமல் இருந்ததில்லை. 50 முதல் 90 இருக்கைகள் கொண்ட வட்டார ஜெட்டுகளுக்கும், 150க்கு மேல் இருக்கைகள் கொண்ட போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஆகியவற்றுக்கும் இடைப்பட்ட ஒரு விமானம் வேண்டும் என்று விமான சேவை நிறுவனங்கள் தொடர்ந்து கேட்டே வந்தன. பெரிய நிறுவனங்கள் இரண்டும் தம்மிடம் இருந்த விமானத்தின் நீளத்தைக் குறைத்து இந்தத் தேவையை ஈடுசெய்ய முயன்றதில் பிறந்தவைதான் ஏ318உம் 737-600உம். உடலின் நீளம் குறைந்தாலும் இறக்கையும் சக்கரத் தொகுதியும் பெரிய விமானத்துக்குரிய கனத்திலேயே இருந்ததால், ஓர் இருக்கைக்கு ஆகும் எரிபொருள் கூடிற்று. ஏ318 80 விமானங்களோடும், 737-600 69 விமானங்களோடும் முடிந்துபோயின. இந்த அளவுக்கென்றே புதிதாக வடிவமைத்தால்தான் கணக்கு சரிவரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படி வடிவமைக்கும் துணிவு கனடாவின் பொம்பார்டியர் நிறுவனத்துக்கு வந்தது. அதன் சி சீரிஸ் விமானம் 2017இல் ஏர்பஸ் கைக்குப் போனபோது பத்திரிகைகள் பலவும் அதை ஒரு தோல்வியின் கதையாகவே எழுதின. ஆனால் விமானம் தோற்கவில்லை. அதைச் செய்தவர் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கடை திறந்து வைத்திருப்பாரா என்ற ஐயத்துக்கு விடை சொல்ல முடியாமற்போனதுதான் அங்கு நடந்தது.

பொம்பார்டியரின் தொடக்கம் வானத்தில் இல்லை. கியூபெக் மாநிலத்தின் வால்கூர் என்ற சிற்றூரில், ஜோசப் அர்மான் பொம்பார்டியர் என்ற இயந்திர வினைஞர், பனி மூடிய சாலைகளில் ஓடும் வண்டிகளைச் செய்வதற்காக 1942இல் தொடங்கிய நிறுவனம் அது. அவருக்குப் பின் மருமகன் லோரான் போதுவான் காலத்தில் அது ரயில் பெட்டிகளுக்கும், 1986இல் விமானத்துக்கும் வந்தது. அந்த ஆண்டு கனடா அரசு, சேலஞ்சர் என்ற தொழிலதிபர் ஜெட்டை உருவாக்கிய செலவில் பெருங்கடனுக்கு ஆளாகியிருந்த அரசு நிறுவனமான கனடேரை அதற்கு விற்றது. 1989இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்த ஷார்ட் பிரதர்ஸ், 1990இல் அமெரிக்காவின் லியர்ஜெட், 1992இல் டி ஹாவிலண்ட் கனடா என்று வரிசையாக வாங்கியவை யாவும் பிறர் நடத்த முடியாமல் தள்ளிவிட்டவை. டி ஹாவிலண்ட் கனடாவை அதற்கு விற்றவர் போயிங். 1986இல் வாங்கி, ஆறு ஆண்டு நட்டத்துக்குப் பின் கைகழுவியது. பிறர் சுமக்க முடியாததைக் குறைந்த விலைக்கு வாங்கி, அரசின் உதவியும் சேர்த்து நிமிர்த்துவதே பொம்பார்டியரின் தொழில்முறையாக இருந்தது என்பதை நினைவில் வைத்தால், கால் நூற்றாண்டுக்குப் பின் அதே முறை அதன்மேலேயே திரும்பியதில் வியப்பதற்கு அதிகமில்லை.

கனடேரிடம் கிடைத்த சேலஞ்சரின் உடலை நீட்டி 50 பயணிகளுக்கான சிஆர்ஜே என்ற வட்டார ஜெட்டைச் செய்து, 1992 முதல் அதை உலகமெங்கும் விற்று அந்த நிறுவனம் செழித்தது. பிரேசிலின் எம்ப்ரேயர் அதே சந்தையில் புகுந்து, பின் 70 முதல் 110 இருக்கை வரையுள்ள புதிய வரிசையோடு மேலேறியபோது, பொம்பார்டியருக்கும் மேலேறுவதைத் தவிர வழியில்லாமற்போயிற்று. ஆனால் அது தயங்கித் தயங்கியே ஏறியது. 1998இல் அறிவித்த ஒரு திட்டத்தை 2000இல் ஒத்திப்போட்டது. 2004இல் சி சீரிஸ் என்ற பெயரில் மீண்டும் தொடங்கி, வாங்குவோர் கிடைக்காமல் 2006 ஜனவரியில் நிறுத்திவைத்தது. ஓர் ஆண்டு கழித்து மறுபடி கையிலெடுத்து, 2008 ஜூலையில் லண்டனுக்கு அருகிலுள்ள ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சிக்கு முந்தைய நாள் முறையாக அறிவித்தது. அப்போது லுஃப்தான்சா காட்டியிருந்த ஆர்வம் 2009 மார்ச்சில் அதன் துணை நிறுவனமான சுவிஸ் சார்பில் 30 விமானங்களுக்கான உறுதி ஆர்டராக மாறியது. உருவாக்கச் செலவு சுமார் 340 கோடி அமெரிக்க டாலர் என்று அன்று மதிப்பிடப்பட்டது.

அந்த இடைப்பட்ட தயக்கத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் புதிய இயந்திரம் அதற்குள் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்திருந்தது. சாதாரண ஜெட் இயந்திரத்தில் முன்புறமுள்ள பெரிய விசிறியும் அதைச் சுழற்றும் பின்புற டர்பைனும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. விசிறி மெதுவாகவும் டர்பைன் வேகமாகவும் சுழன்றால்தான் இரண்டுக்கும் நல்லது என்பதால், அந்த ஒரே வேகம் இருதரப்புக்கும் பொருந்தாத ஒரு சமரசம். பிராட் அண்ட் விட்னி நடுவில் ஒரு பற்சக்கரப் பெட்டியை வைத்து, விசிறியை டர்பைனின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுழலவிட்டது. இதனால் விசிறியைப் பெரிதாக்கி, இயந்திரத்தின் உட்கருவுக்குள் போகும் ஒவ்வொரு பங்கு காற்றுக்கும் 12 பங்கு காற்றை வெளியே சுற்றிச் செல்லவிட முடிந்தது. எரிபொருளும் இரைச்சலும் ஒருசேரக் குறைந்தன. இறக்கை பெல்ஃபாஸ்டில் கார்பன் இழைத் துணியை அச்சில் அடுக்கிப் பிசினைச் செலுத்திச் சூட்டில் இறுகவைத்துச் செய்யப்பட்டது. உடலுக்கு அலுமினியமும் லித்தியமும் கலந்த எடை குறைந்த உலோகம். உள்ளே நடைவழியின் ஒருபுறம் இரண்டும் மறுபுறம் மூன்றுமாக இருக்கைகள் அமைந்தன. மூன்றில் நடு இருக்கை 19 அங்குலமாக, பக்கத்து இருக்கைகளைவிட அரை அங்குலம் அகலமாக வைக்கப்பட்டது. விமானத்தில் யாரும் விரும்பி உட்காராத இடத்துக்கு இவ்வளவு கரிசனம் காட்டிய வடிவமைப்பாளர்கள் அதற்கு முன் அதிகமில்லை.

விமானம் ஒன்றுசேர்க்கப்பட்ட இடம் மான்ட்ரியலுக்கு வடக்கேயுள்ள மிராபெல். வேளாண் நிலங்களைப் பெருமளவில் கையகப்படுத்தி, 1975இல் திறக்கப்பட்டு, எதிர்பார்த்த பயணிகள் வராமல் 2004இல் பயணிகள் சேவையை முற்றாக இழந்த விமான நிலையம் அது. அந்த ஓடுபாதையிலிருந்துதான் 2013 செப்டம்பர் 16 அன்று முதல் சி சீரிஸ் மேலெழுந்தது.

இதற்குள் ஏர்பஸ் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. பற்சக்கரம் வைத்த இயந்திரத்தின் சோதனை மாதிரியை 2008இல் தன் ஏ340 விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டுப் பார்த்திருந்த அந்த நிறுவனத்துக்கு, அதன் மதிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முற்றிலும் புதிய விமானம் செய்வதற்குப் பதிலாக, ஏ320இன் இறக்கையில் புதிய இயந்திரத்தை மாட்டி 15 விழுக்காடு எரிபொருள் சேமிப்பு தருவதாக 2010 டிசம்பரில் ஏ320 நியோவை அது அறிவித்தது. தேர்ந்தெடுத்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று சி சீரிஸ் இயந்திரத்தின் உடன்பிறப்பு. 2011இல் போயிங்கும் 737 மேக்ஸோடு அதே வழியில் வந்தது. இந்த இரண்டும் பெரிய விமானங்கள், சி சீரிஸுக்கு நேரடிப் போட்டி அல்ல என்பது தாளில் உண்மை. ஆனால் ஏற்கெனவே விமானிகளும் உதிரிபாகக் கிடங்கும் பயிற்சிக் கருவிகளும் வைத்திருக்கும் ஒரு விமான சேவை, சற்றே பெரிய விமானத்தைப் பெருந்தள்ளுபடியில் பெற முடிந்தால், அறிமுகமில்லாத புதியதை ஏன் தேடிப்போக வேண்டும்? ஏர்பஸ் விற்பனையாளர்கள் சென்ற இடமெல்லாம் இந்தக் கேள்வியை விட்டுவந்தார்கள். சி சீரிஸின் ஆர்டர் புத்தகம் ஆண்டுக்கணக்கில் நிரம்பாமல் கிடந்ததற்கு ஏர்பஸ் ஒரு முதன்மைக் காரணம் என்பதைப் பின்னால் வந்த கைகுலுக்கல்கள் மறைத்துவிட்டன.

2014 மே மாதம் தரைச் சோதனையின்போது ஓர் இயந்திரம் வெடித்துத் தீப்பற்ற, சோதனை விமானங்கள் செப்டம்பர் வரை தரையிலேயே நின்றன. ஒரே நேரத்தில் புதிய தொழிலதிபர் ஜெட்டுகளையும் உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனத்தின் கையிருப்பு வற்றிவந்தது. செலவு 540 கோடி டாலரைத் தொட்ட நிலையில், 2015இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த அலன் பெல்மேர், திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கை ஏர்பஸுக்கே கொடுக்க முன்வந்தார். செய்தி வெளியே கசிந்ததும் பேச்சு முறிந்ததாக அக்டோபரில் ஏர்பஸ் அறிவித்தது. அதே மாத இறுதியில், ஒரே காலாண்டில் 490 கோடி டாலர் நட்டம் என்றும், அதில் 320 கோடி சி சீரிஸின் மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது என்றும் பொம்பார்டியர் கணக்குக் காட்டியது. கியூபெக் மாநில அரசு 100 கோடி டாலர் கொடுத்து, சி சீரிஸுக்கென்று தனியே அமைக்கப்பட்ட கூட்டாண்மை நிறுவனத்தில் 49.5 விழுக்காட்டைப் பெற்றுக்கொண்டது. திட்டத்தைத் தாய் நிறுவனத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கிய இந்த ஏற்பாடு அன்று ஒரு மீட்பு நடவடிக்கையாகவே பார்க்கப்பட்டது. பின்னாளில் வேறொருவர் வந்து அதைத் தனியே எடுத்துப்போக வசதி செய்துகொடுத்ததும் அதுதான்.

2015 டிசம்பரில் தகுதிச் சான்றும், 2016 ஜூலையில் சுவிஸ் நிறுவனத்தின் சூரிச் – பாரிஸ் வழியில் முதல் பயணிகள் சேவையும் வந்தன. எரிபொருள் செலவு வாக்களித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆயினும் 2016 ஜனவரியில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் சி சீரிஸைப் பரிசீலித்துவிட்டு, போயிங் இறக்கிக் கொடுத்த விலையில் 40 பழைய வகை 737-700 விமானங்களை வாங்கத் தீர்மானித்தது. எந்த அமெரிக்கப் பெருநிறுவனமாவது வாங்கினாலன்றி உய்வில்லை என்ற நிலையில், ஏப்ரலில் டெல்டா நிறுவனம் 75 விமானங்களுக்கு உறுதி ஆர்டரும், மேலும் 50 விமானங்களை விரும்பினால் வாங்கும் உரிமையும் எழுதிக் கையெழுத்திட்டது. அதற்குக் கொடுத்த விலைத் தள்ளுபடிதான் அடுத்த சிக்கலின் வித்து.

2017 ஏப்ரல் 27 அன்று போயிங் அமெரிக்க வணிகத் துறையிடமும் பன்னாட்டு வணிக ஆணையத்திடமும் முறையிட்டது. ஒரு விமானம் செய்ய 3.32 கோடி டாலர் ஆகிறது, அதை டெல்டாவுக்கு 1.96 கோடிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அரசுப் பணம் இல்லாமல் இது முடியாது என்பது அதன் வாதம். பொம்பார்டியர் அந்த எண்களை மறுத்தது. அமெரிக்கச் சட்டத்தில் இத்தகைய முறையீட்டுக்கு இரண்டு வகை வரிகள் உண்டு: அயல்நாட்டு அரசின் மானியத்தை ஈடுகட்ட விதிப்பது ஒன்று, அடக்க விலைக்கும் கீழே விற்றுச் சந்தையைப் பிடிக்கும் பொருள் குவிப்பைத் தடுக்க விதிப்பது மற்றொன்று. வணிகத் துறை செப்டம்பர் 26 அன்று முதல் வகையில் 219.63 விழுக்காடும், அக்டோபர் 6 அன்று இரண்டாம் வகையில் 79.82 விழுக்காடும் தற்காலிகமாக விதித்தது. வரியைச் சேர்த்தால் விமானத்தின் விலை நான்கு மடங்காகும். இவ்வளவுக்கும் டெல்டா கேட்டபோது அந்த அளவில் புதிய விமானம் எதுவும் போயிங்கிடம் இல்லை. பயன்படுத்திய எம்ப்ரேயர் 190 விமானங்களையும் பழைய 717களையுமே அது முன்வைத்தது.

வழக்கு வணிகத்தைத் தாண்டிப் போயிற்று. வட அயர்லாந்தில் பொம்பார்டியருக்கு நான்காயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் இருந்தார்கள். பிரிட்டனின் பிரதமர் தெரேசா மே அன்று ஆட்சியில் நீடித்ததே வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் 10 உறுப்பினர் ஆதரவில் என்பதால், அவரே அமெரிக்க அதிபர் டிரம்ப்பிடம் இது பற்றிப் பேசினார். போயிங்கிடம் 18 சூப்பர் ஹார்னெட் போர் விமானங்கள் வாங்கவிருந்த கனடா அரசு, அந்த எண்ணத்தை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவிடமிருந்து பழைய ஹார்னெட்டுகளை வாங்க முடிவு செய்தது.

இரண்டாம் வரி அறிவிக்கப்பட்ட பத்தாம் நாள், 2017 அக்டோபர் 16 அன்று, சி சீரிஸ் கூட்டாண்மையில் 50.01 விழுக்காட்டை ஏர்பஸ் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பொம்பார்டியருக்கு ஏறக்குறைய 31, கியூபெக்குக்கு 19 விழுக்காடு மிஞ்சின. ஏர்பஸ் இதற்காக ரொக்கமாக ஒரு டாலரும் கொடுக்கவில்லை. திட்டத்தின் கடன் எதையும் ஏற்கவும் இல்லை. அது கொண்டுவந்ததாக ஒப்பந்தம் சொன்னவை கொள்முதல் வலிமை, விற்பனை அமைப்பு, வாடிக்கையாளர் சேவை ஆகியவை. மாறாக, திட்டத்துக்குப் பணம் போதாமற்போனால் முதல் ஆண்டில் 35 கோடி டாலர் வரையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் சேர்த்து மற்றொரு 35 கோடி வரையும் பொம்பார்டியரே போட வேண்டும். இது போதாதென்று, பொம்பார்டியரின் 10 கோடிப் பங்குகளைக் குறித்த விலையில் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் உரிமைப் பத்திரங்களும் ஏர்பஸுக்குக் கிடைத்தன. ஏழரை ஆண்டுகளுக்குப் பின் பொம்பார்டியரின் மிச்சப் பங்கை வாங்கிவிடும் உரிமையும் எழுதப்பட்டது. சீர் கொடுத்து, செலவுக்கும் கொடுத்து, பெண்ணையும் அனுப்பிவைத்த கணக்குதான்.

இதைப் பொம்பார்டியரின் ஏமாளித்தனம் என்று சொல்வது எளிது. ஆனால் அன்றைய நிலையில் அதன் கையிலிருந்த 360 அளவிலான ஆர்டர்களில் பல நட்டத்துக்கே விற்கப்பட்டிருந்தன. ஒரு விமானத்தின் விலையில் பெரும்பகுதி இயந்திரத்துக்கும் உதிரிபாகங்களுக்கும் வெளியாருக்குக் கொடுப்பதே. ஆண்டுக்கு முப்பது நாற்பது விமானம் செய்பவருக்கு அந்த வெளியார் சொல்லும் விலை ஒன்று, ஆண்டுக்கு எழுநூறு செய்பவருக்குச் சொல்லும் விலை வேறு. வாங்குவோர் பக்கமும் அவ்வாறே: விமானத்தை இருபத்தைந்து ஆண்டு வைத்திருக்கப்போகிறவருக்கும், அதை வாங்கி வாடகைக்கு விடும் நிதி நிறுவனத்துக்கும், தயாரிப்பாளர் மறைந்துவிட்டால் உதிரிபாகமும் மறுவிற்பனை மதிப்பும் சேர்ந்து மறையும். ஏர்பஸின் பெயர் வாசலில் தொங்கியதே அந்த அச்சத்துக்கு மருந்தாயிற்று. ஏர்பஸுக்கோ, ஏ319இன் புதிய வடிவத்தை வாங்க ஆளில்லாத நேரத்தில், வேறொருவர் செலவில் முடிந்த முழு விமானம் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் நகரில் தனக்கிருந்த தொழிற்சாலையில் இதற்கும் ஒரு வரிசை அமைப்பதாக அது சொன்னபோது, அங்கு செய்யப்படும் விமானம் இறக்குமதியே அல்ல என்ற வாதமும் கூடவே வந்தது.

அந்த வாதத்துக்கு வேலை இல்லாமற்போனது வேறு செய்தி. வணிகத் துறை டிசம்பரில் வரியை 292.21 விழுக்காடாக உறுதிசெய்தபோதிலும், 2018 ஜனவரி 26 அன்று பன்னாட்டு வணிக ஆணையத்தின் நான்கு உறுப்பினர்களும் ஒருமனதாக, இந்த விற்பனையால் அமெரிக்கத் தொழிலுக்குப் பாதிப்பில்லை என்று வாக்களித்தார்கள். பாதிப்பு இல்லையென்றால் வரியும் இல்லை. போயிங்கின் முறையீடு இல்லாதிருந்தால் 2015இல் முறிந்த பேச்சு மீண்டும் ஒட்டியிருக்குமா என்பது ஐயமே. ஒரு போட்டியாளரை அடைக்கப் போட்ட வழக்கு, அவரைவிடப் பலமான போட்டியாளரிடம் அவருடைய விமானத்தைக் கொண்டுசேர்த்தது. ஒப்பந்தம் 2018 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்து நாளுக்குள் சி சீரிஸின் வகைகளான சிஎஸ்100 ஏ220-100 என்றும், சிஎஸ்300 ஏ220-300 என்றும் பெயர் மாறின. பெயர் மாற்றிய அதே நாளில் ஜெட்புளூ நிறுவனம் 60 விமானங்களைக் கேட்டது.

போயிங்கும் சும்மா இருக்கவில்லை. எம்ப்ரேயரின் பயணிகள் விமானப் பிரிவில் 80 விழுக்காட்டை 420 கோடி டாலருக்கு வாங்க 2018இல் உடன்பட்டு, மேக்ஸ் விபத்துகளும் கொரோனாவும் அடுத்தடுத்துத் தாக்கிய பின், 2020 ஏப்ரலில் விலகிக்கொண்டது.

பொம்பார்டியர் கூட்டாண்மையில் தன் பங்கைப் போட்டுக்கொண்டே இருக்க முடியாமல், 2020 பிப்ரவரியில் 59.1 கோடி டாலர் பெற்றுக்கொண்டு வெளியேறியது. ஏர்பஸ் 75, கியூபெக் 25 என்று பங்குகள் மாறின. அதற்கு முன்னும் பின்னுமாகச் சிறு விமானம், சிஆர்ஜே, ரயில் பிரிவு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, இன்று தொழிலதிபர் ஜெட்டுகளை மட்டுமே அது செய்கிறது. கியூபெக் மக்களின் பணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது: 2022இல் ஏர்பஸ் 90 கோடியும் மாநிலம் 30 கோடியும் மேலும் போட்டன, மாநிலத்தின் பங்கை ஏர்பஸ் வாங்கிக்கொள்ளும் காலம் 2026இலிருந்து 2030க்குத் தள்ளிப்போடப்பட்டது.

பெல்ஃபாஸ்ட் இறக்கைத் தொழிற்சாலையைப் பொம்பார்டியர் 2020இல் அமெரிக்காவின் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. போயிங்கின் பழைய கிளையான ஸ்பிரிட்டைப் போயிங்கே திரும்ப வாங்க முன்வந்தபோது, ஏர்பஸுக்கான வேலைகளை அங்கிருந்து பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. ஏ220 இறக்கை உள்ளிட்ட அந்த வேலைகள் நட்டத்தில் நடப்பவை என்பதால், 2025 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அவற்றை எடுத்துக்கொள்வதற்காக ஸ்பிரிட் ஏர்பஸுக்கு 43.9 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.